ஃபால்கன் ஸ்லைடில் மலேரியா தேடுவது எப்படி?

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலைய லேபில் காய்ச்சல் ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது வளைகுடாவில் ஃபால்கன் என்கிற வேட்டைப் பறவைகளுக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவமனையில் அதே மைக்ரோஸ்கோப் வேலை. டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கம் வேலைக்கு வருவதற்கு முன்னால் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, பறவைக்குமா மலேரியா வரும்?" என்பதுதான். வரும். சொல்லப்போனால் கொசுதான் மலேரியாவைக் கடத்துகிறது என்பதை ரொனால்ட் ராஸ் முழுச் சுற்றாக நிரூபித்ததே பறவைகளை வைத்துத்தான். 1898இல், கல்கத்தாவில். சிட்டுக்குருவியிலிருந்து கொசுவுக்கு, கொசுவின் எச்சில் சுரப்பிக்கு, அங்கிருந்து மறுபடி நல்ல குருவிக்கு. அவர் பார்த்த அந்தக் கிருமிக்கு இன்றைய பெயர் பிளாஸ்மோடியம் ரெலிக்டம். எங்கள் மேஜைக்கு வரும் வேட்டைப் பறவைகளில் நாங்கள் முதலில் பயப்படுவதும் அதே ஆளுக்குத்தான்.

மனிதர்களுக்கு வரும் மலேரியாவும் இதுவும் வேறு வேறு இனம். இது உங்களுக்குத் தொற்றாது. அந்தக் கவலையை இங்கேயே விட்டுவிடலாம். நகத்துக்கு மட்டும் பயப்படுங்கள்.

எந்தப் பறவைக்குச் சந்தேகப்பட வேண்டும்

எங்களிடம் வருவதில் பெரும்பாலும் மூன்று வகை: சேக்கர், பெரிக்ரின் என்கிற ஷாஹீன், அப்புறம் ஜிர் ஃபால்கன். இவற்றின் கலப்பினங்களும் உண்டு. இதில் ஜிர்தான் எங்களுக்குத் தலைவலி. அதன் சொந்த ஊர் ஆர்க்டிக் பகுதி. வெள்ளை இறகுக்காகவும் பெரிய உடம்புக்காகவும் பண்ணைகளில் வளர்த்து இங்கே கொண்டுவருகிறார்கள். பனிப்பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாக இந்தக் கிருமியோடு பழகாத உடம்பு அது. கியூலெக்ஸ் கொசு சுற்றும் ஊருக்கு வந்ததும் மாட்டிக்கொள்கிறது. பனி ஆந்தைக்கும், மிருகக்காட்சி சாலைகளில் வைத்திருக்கும் பென்குயின்களுக்கும் இதே கதைதான். ஹவாய்த் தீவுகளின் தேன்குடிக் குருவிகள் பல இனம் இனமாக அழிந்துபோனதில் இந்த ரெலிக்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஷாஹீனின் ரத்தத்தில் இரண்டொரு கிருமி தெரிந்தால் டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். ஜிரின் ரத்தத்தில் அதே இரண்டு தெரிந்தால் ஓடி வருவார். அதனால் கோரிக்கைச் சீட்டில் இனம் எழுதப்படாமல் வந்தால் ஸ்லைடை எடுக்காதீர்கள், முதலில் கேட்டு எழுதுங்கள். "ஃபால்கன்" என்று மட்டும் எழுதினால் போதாது. கலப்பினம் என்றால் எதற்கும் எதற்கும் பிறந்தது என்று வேண்டும்.

பறவையைப் பிடித்துவருபவர் சொல்லும் அடையாளங்கள் எல்லா நோய்க்கும் பொதுவானவை: தீனி எடுக்கவில்லை, எடுத்ததைக் கக்குகிறது, எடை குறைகிறது, பறக்கவிட்டால் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. நான் காது கொடுத்துக் கேட்பது எச்சத்தின் நிறத்தை. வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் பகுதி பச்சையாகப் போனால் சிவப்பணு உடைகிறதா, கல்லீரலில் கோளாறா என்று யோசிக்க வேண்டும். வாயைத் திறந்து பார்த்தால் உள்தோல் வெளுத்திருக்கும். எதுவுமே காட்டாமல், ராத்திரி கட்டையில் உட்கார்ந்திருந்த பறவை காலையில் செத்துக் கிடப்பதும் உண்டு.

வளர்ப்பவர்களில் சிலர் புறா தின்றதால் மலேரியா வந்தது என்பார்கள். புறா ரத்தத்தில் ஹீமோப்ரோட்டியஸ் என்ற உறவுக்காரக் கிருமி சாதாரணமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதைத் தின்று இது வராது, பூச்சி கடித்தே ஆக வேண்டும். புறாவால் வருவது தொண்டைப் புண் உண்டாக்கும் டிரைக்கோமோனாஸ். அது வேறு ஸ்லைடு, வேறு நாள் பேசலாம்.

ரத்தம் எடுப்பது

தலைக்குத் தோல் முகமூடி மாட்டியிருந்தால் ஃபால்கன் பாதி அமைதி. முழுப் பரிசோதனை என்றால் ஐசோஃப்ளூரேன் கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள், நமக்கும் வேலை சுலபம். சிறகை விரித்தால் முழங்கை மூட்டின் உள்பக்கத்தில், எலும்பைக் குறுக்காகத் தாண்டி ஒரு நீலக்கோடு ஓடும். அதுதான் நம் நரம்பு. அங்கே இறகு பிடுங்க வேண்டாம். ஸ்பிரிட் பஞ்சால் ஈரமாக்கி ஒதுக்கினாலே தோல் தெரியும். மெல்லிய தோல், கண்ணாடித்தாள் மாதிரி. 27 கேஜ் ஊசி போதும். பறவையின் நரம்பு கொஞ்சம் அசைந்தாலும் கிழிந்து உள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும், அதனால் ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து ஒரு நிமிஷமாவது அழுத்தியே இருங்கள். முழு ரத்தப் பரிசோதனைக்கும் சேர்த்து அதிகம் வேண்டுமென்றால் கழுத்தின் வலது ஜுகுலர், அதை டாக்டர் எடுப்பார். இடது பக்கத்தைவிட வலது பெரியது.

மலேரியாவுக்கு வேண்டியது ஊசி முனையிலிருந்து நேரடியாக விழும் ஒரு துளி. டியூபில் நின்ற ரத்தத்தில் போடாதீர்கள் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பை விட்டு வெளியே வந்ததும் சூடு குறைந்து, கரியமில வாயுவும் வெளியேறியவுடன், கிருமியின் ஆண் வடிவம் தான் கொசு வயிற்றுக்குள் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. சில நிமிஷத்தில் சிவப்பணுவைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து நூல் நூலாக வால்களை விடும். அந்த நூல்களை ஸ்லைடில் பார்த்தால் சுருள் பாக்டீரியாவோ, வேறு ஏதோ புழுவோ என்று குழம்பிப்போவீர்கள். பார்க்க வேண்டிய முழு வடிவம் அதற்குள் போயிருக்கும்.

மீதி ரத்தத்தை உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. டியூபில் வையுங்கள், பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை தேவைப்பட்டால் அது உதவும். ஹெப்பாரின் டியூப் பி.சி.ஆரைக் கெடுக்கும், ஸ்மியரின் (ஸ்லைடில் இழுத்த ரத்தப் பூச்சின்) பின்புலத்தையும் நீலமாக்கும்.

தடித்த பூச்சை மறந்துவிடுங்கள்

நம்மூரில் ஒரே ஸ்லைடில் தடித்த பூச்சு ஒன்று, மெல்லிய பூச்சு ஒன்று போட்டு, தடித்ததில் தேடிப் பழகிய கை நமக்கு. மனித சிவப்பணுவில் உட்கரு கிடையாது, தண்ணீர் பட்டு அது கரைந்துபோனால் கிருமி மட்டும் மிஞ்சும், அதனால் அந்த முறை அங்கே வேலை செய்தது. பறவையின் சிவப்பணு ஒவ்வொன்றிலும் உட்கரு இருக்கிறது. தடித்த பூச்சைக் கரைத்தால் மிஞ்சுவது ஆயிரக்கணக்கான உட்கருக்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அதில் கிருமியைத் தேடவே முடியாது. விரலில் குத்தி ஒட்டும் ரேபிட் கார்டையும் எடுத்துவராதீர்கள். அதில் மனித மலேரியாக் கிருமியான ஃபால்சிபாரத்தைக் காட்டும் கோடு அந்த இனத்தின் புரதத்துக்கென்றே செய்தது. ஃபால்கனுக்கு நெகட்டிவ் என்று அது காட்டினால் அதற்கு அர்த்தமே இல்லை.

ஆக மெல்லிய பூச்சு மட்டும்தான், ஆனால் அருமையாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு போடுங்கள், நான் மூன்று போடுவேன். துளி சின்னதாக, தள்ளும் ஸ்லைடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில், ஒரே இழுப்பு, நடுவில் தயங்கக் கூடாது. முனை நாக்கு வடிவில் ஸ்லைடுக்குள்ளேயே முடிய வேண்டும். பறவை அணுக்கள் அழுத்தம் தாங்காது. கை கனமாக இருந்தால் உடைந்து ஊதாக் கறைகளாகத் தெரியும்.

போட்டவுடன் காயவைப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். வளைகுடாக் கோடையில் கடற்காற்றின் ஈரம் நம் தூத்துக்குடி, ராமநாதபுரத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுவுக்குள் குமிழி குமிழியாகப் பொய்த் தோற்றம் வரும். சின்ன ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, பதினைந்து வினாடிக்குள் காய வேண்டும். சூடான காற்று கூடாது.

ஸ்லைடின் அடையாளத்தை மார்க்கரால் எழுதாதீர்கள், மெத்தனாலில் கரைந்து ஓடிவிடும். ஸ்லைடின் சொரசொரப்பான வெள்ளை முனையில் சாதாரணப் பென்சில் போதும். பறவையின் வளைய எண், தேதி, இனம்.

நிலைப்படுத்த சுத்த மெத்தனால், ஒரு நிமிஷம். பாட்டில் மூடியைத் திறந்தே வைத்தால் அது காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும், அப்புறம் அணுக்களில் பொத்தல் பொத்தலாகத் தெரியும். கிருமியோ நிறமியோ என்று குழம்பும் புள்ளிகளில் பாதி இந்தக் கெட்ட மெத்தனாலால் வருவது. ஒரே அறையில் ஃபார்மலின் ஜாடி திறந்திருந்தாலும் ஸ்டெயின் (சாயம்) கெடும். பிரேதப் பரிசோதனை மேஜைக்குப் பக்கத்தில் ஸ்மியர் காயவைக்கும் லேப்களைப் பார்த்திருக்கிறேன், கடவுளே என்றிருக்கும்.

ஸ்டெயினுக்கு நம்மூர் ஜே.எஸ்.பி. இங்கே கிடைக்காது. எங்கள் மேஜையில் டிஃப்-குயிக் இருக்கிறது. நொடியில் முடியும், அவசரத்துக்கு ஒரு ஸ்லைடு அதில் போட்டுக்கொள்ளலாம். மலேரியாவுக்கு என் ஓட்டு ஜீம்சாவுக்குத்தான். பத்து சதவீதக் கரைசல், பஃபர் பி.எச். 7.2, ஒரு மணி நேரம். ஸ்டாக்கிலிருந்து அன்றன்று கலக்க வேண்டும், நேற்றைய கரைசல் ஸ்லைடில் மணல் தூவும். அதைக் கழுவும்போது ஸ்லைடு மேலே மிதக்கும் பளபளப்புப் படலத்தை முதலில் தண்ணீரால் தள்ளிவிட்டு அப்புறம் சாய்த்துக் கொட்டுங்கள்.

என்ன தெரியும், எதை நம்பலாம்

மனித ரத்தம் பார்த்த கண்ணுக்கு முதல் வாரம் எல்லாமே கிருமி மாதிரித்தான் தெரியும். சிவப்பணு முட்டை வடிவம், நடுவில் முட்டை வடிவ உட்கரு, நல்ல ஊதா. தட்டணுவுக்குப் பதில் த்ராம்போசைட் என்று ஒரு குட்டி அணு இருக்கும், அதிலும் உட்கரு உண்டு, சமயத்தில் சிவப்பணுவின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு வளர்ந்த கிருமிபோலப் பாவனை காட்டும். நியூட்ரோஃபில் இடத்தில் ஹெட்டரோஃபில், சிவந்த கம்பி கம்பியான துகள்களோடு. இவற்றை நலமான பறவையின் ஸ்லைடில் பார்த்துப் பழகிக்கொள்ளாமல் மலேரியாப் பக்கம் போகாதீர்கள்.

முதலில் குறைந்த லென்ஸில் ஓரங்களையும் முனையையும் ஒரு சுற்று. பெரிய கிருமிகள் அங்கேதான் ஒதுங்கும், மைக்ரோஃபைலேரியா என்ற குட்டிப் புழுக்களும் அங்கேதான். அதற்கப்புறம் எண்ணெய் லென்ஸ், ஒற்றை அடுக்காக அணு பரவியிருக்கும் பகுதி.

அங்கே நான் தேடுவது முதலில் நிறமியை, வடிவம் அப்புறம். கிருமி ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டுச் செரிக்க முடியாததைப் படிகமாக்கி வைக்கும், அதுதான் ஹீமோசோயின். பொன்னும் பழுப்பும் கலந்த, சில சமயம் கறுத்த, மின்னுகிற மணிகள். ஃபைன் ஸ்க்ரூவை மெல்ல மேலும் கீழும் திருப்புங்கள். அழுக்கு என்றால் அணுவுக்கு மேலே வேறு மட்டத்தில் தெளிவாகும். நிறமி என்றால் கிருமியின் நீல உடம்பு தெளிவாகும் அதே மட்டத்தில் மணியும் தெளிவாகிப் பளிச்சிடும். இந்த ஒரு சோதனை கைவந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

ஃபால்கன் சிவப்பணுவுக்குள் நிறமி இருந்தால் இரண்டு பேரில் ஒருவர்: பிளாஸ்மோடியம் அல்லது ஹீமோப்ரோட்டியஸ். நிறமியே இல்லாத சின்ன உருவம், உள்ளே வெள்ளை ஓட்டையோடு, நாலு நாலாக விசிறிபோல அல்லது சிலுவைபோல ஒட்டிக்கொண்டிருந்தால் பபேசியா ஷார்ட்டை என்கிற மூன்றாமவர், உண்ணி கடத்துவது. இதை மலேரியா என்று எழுதிக்கொடுத்தால் பறவைக்கு மலேரியா மருந்து போகும், அது பபேசியாவைத் தொடாது. பபேசியாவுக்கு வேண்டியது இமிடோகார்ப். நிறமியை முதலில் பாருங்கள் என்று தொண்டை கிழியச் சொல்வது இதனால்தான்.

நிறமியும் இல்லை, சிவப்பணுவோ வெள்ளணுவோ என்றே தெரியாத அளவுக்கு அணுவை உருக்குலைத்த பெரிய உருவம் என்றால் லூக்கோசைட்டோசூன். கருப்பு ஈ கடத்துவது, ஊர் விட்டு ஊர் வரும் பறவைகளில் அகப்படும்.

பிளாஸ்மோடியமா ஹீமோப்ரோட்டியஸா என்பதுதான் நிஜமான பரீட்சை. ஹீமோப்ரோட்டியஸ் ரத்தத்தில் ஆண், பெண் கேமிட்டோசைட்டாக (கொசு போன்ற பூச்சிக்குப் போகும் பாலின வடிவம்) மட்டும் வரும். நீளமாக, உட்கருவை ஒரு பக்கத்திலிருந்து அணைத்துச் சுற்றிக்கொண்டு, உட்கருவைப் பெரும்பாலும் இடத்தைவிட்டு அதிகம் தள்ளாமல். கெஸ்ட்ரல், சேக்கர் போன்றவற்றில் இதைப் பார்ப்போம், பறவை தன்பாட்டுக்குத் தீனி தின்றுகொண்டிருக்கும். பிளாஸ்மோடியம் ரத்தத்திலேயே பெருகும். அதனால் பல குட்டிகளாகப் பிளந்து நிற்கும் வடிவம், அதாவது மெரோன்ட், ஒன்றே ஒன்று அகப்பட்டாலும் தீர்ப்பு எழுதிவிடலாம்.

ரெலிக்டத்தின் மெரோன்ட்டை நெருங்கிப் பார்ப்போம். வெளிறிய சிவப்பணு, அதன் உட்கரு நடுவில் இல்லாமல் ஒரு முனைக்குத் தள்ளப்பட்டுச் சாய்ந்திருக்கும். காலியான இடத்தில் உருண்டையாக ஒரு கூட்டம், சின்னச் சின்னச் செவ்வூதாப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி மயிரிழை நீலம். முற்றியதில் முப்பது வரைகூட எண்ணலாம். நிறமி மணிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து ஒரு கரும்பொட்டாகிவிட்டிருக்கும். பக்கத்து ஃபீல்டில் (லென்ஸில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டம்) கேமிட்டோசைட்டும் உருண்டையாகவே இருக்கும், அதுவும் உட்கருவை ஓரங்கட்டியிருக்கும், சில சமயம் உட்கருவே வெளியே போயிருக்கும். உருண்டை கேமிட்டோசைட் என்றால் ரெலிக்டத்தின் குழு என்று மனசு சொல்லலாம். பிளாஸ்மோடியம் ஃபாலக்ஸ் போன்ற வேறு குழுவில் கேமிட்டோசைட் நீளமாகி ஹீமோப்ரோட்டியஸையே ஏமாற்றும் வேஷம் போடும். 1930இல் காங்கோவில் ஒரு ஆந்தையிலிருந்து விவரிக்கப்பட்டது அது. ஆகவே நீள கேமிட்டோசைட் மட்டும் பார்த்துவிட்டு "ஹீமோப்ரோட்டியஸ், பரவாயில்லை" என்று ஜிருக்கு எழுதவே கூடாது. மெரோன்ட் கிடைக்கும்வரை அல்லது பி.சி.ஆர். வரும்வரை "நிறமியுள்ள கிருமி, இனம் உறுதியாகவில்லை" என்று எழுதுங்கள்.

எண்ணுவதும் எழுதுவதும்

பிளஸ், டபுள் பிளஸ் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் பத்து ஃபீல்டில் சிவப்பணுவை எண்ணிச் சராசரி எடுத்தால், எத்தனை ஃபீல்டு ஓட்டினால் 10,000 அணு ஆகும் என்று தெரிந்துவிடும். அத்தனையும் பார்த்து, 10,000க்கு இத்தனை என்று எண்ணாக எழுதுங்கள். மருந்து தொடங்கிய பிறகு வரும் ஸ்லைடோடு ஒப்பிட டாக்டருக்கு அதுதான் பயன்படும். அடுத்த ஸ்லைடும் அதே ஆள் படித்தால் இன்னும் நல்லது.

நெகட்டிவ் எழுதும்போது இன்னும் ஜாக்கிரதை. நூறு ஃபீல்டு பார்த்து ஒன்றும் இல்லையென்றால் என்னைப் பொறுத்தவரை பார்த்ததாகவே கணக்கில்லை, ஜிர் என்றால் இருநூறுக்குக் குறையாமல் ஓட்டுவேன். அப்படியும் இந்தக் கிருமிக்கு ரத்தத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது: மூளை, நுரையீரல், மண்ணீரல் என்று நுண்குழாய்களின் உள்சுவர் அணுக்களில் பெருகும். மூளையின் குழாய்கள் அடைத்தே பறவை செத்துப்போகலாம், அன்றைய ஸ்மியரில் ஒன்றும் தெரியாமலே. அதனால் "மலேரியா இல்லை" என்று நான் எழுதுவதில்லை. "இத்தனை ஃபீல்டில் காணப்படவில்லை" என்று எழுதி, சந்தேகம் பலமாக இருந்தால் பி.சி.ஆருக்குப் பரிந்துரைப்பேன். கிருமியின் சைட்டோக்ரோம் பி ஜீனைப் பெருக்கி வரிசையைப் படிக்கும் முறை அது. வந்த வரிசையை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கிய மால்ஏவி தொகுப்பில் ஒப்பிட்டால் எந்த வம்சம் என்று தெரியும். ரெலிக்டத்திலேயே எஸ்.ஜி.எஸ்.1, ஜி.ஆர்.டபிள்யூ.4 என்று கிளைகள் இருக்கின்றன.

பி.சி.ஆர். பாசிட்டிவ் என்று வந்தால் ஸ்மியரைத் தூக்கிப் போடாதீர்கள். பூச்சி கடித்துக் கிருமியின் ஆரம்ப உருவம் உள்ளே நுழைந்து, அந்த இனத்தில் வளராமலே நின்றுபோனாலும் பி.சி.ஆர். பிடித்துவிடும். சிவப்பணுவில் கேமிட்டோசைட்டைக் கண்ணால் பார்த்தால்தான் அந்தக் கிருமி அந்தப் பறவையில் முழுதாக வளர்கிறது என்று சொல்லலாம்.

செத்த பறவை வந்தால் ரத்தத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் மண்ணீரல், கல்லீரல், நுரையீரல், மூளை நான்கிலிருந்தும் வெட்டுமுகத்தைப் பஞ்சில் ஒற்றி, ஸ்லைடில் தொட்டுத் தொட்டு அச்சு எடுங்கள். ஒற்றாமல் எடுத்தால் ரத்தம்தான் வரும், அணு வராது. மலேரியாவில் செத்ததன் மண்ணீரல் வழக்கத்தைவிடப் பெரிதாக, கறுத்து இருக்கும்.

மருந்தும் வலையும்

மருந்து டாக்டரின் வேலை. குளோரோகுயினும் பிரைமாகுயினும் சேர்த்தோ, மெஃப்ளோகுயினோ கொடுப்பார். நம்மூரில் கொடுத்த அதே பெயர்கள்தான், ஆனால் அளவு மனிதக் கணக்கில்லை. குளோரோகுயின் கொஞ்சம் கூடினாலே பறவை தாங்காது, வளர்ப்பவர் கடையில் வாங்கித் தானே கொடுக்கப் பார்த்தால் உடனே தடுங்கள். ரத்தம் சுத்தமான பிறகும் கிருமி உடம்பில் ஒளிந்து தங்கலாம், இறகு உதிரும் காலத்திலோ வேறு நோய் வந்தாலோ திரும்பத் தலைகாட்டும். ஒருமுறை பாசிட்டிவ் ஆன பறவையின் அட்டையில் அதைச் சிவப்பில் எழுதிவைப்பது எங்கள் வழக்கம்.

வீட்டில் வைத்து வளர்ப்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டே விஷயம். கோடையில் இறகு உதிர்க்கும் அறையின் ஏசி ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் கொசுவலை இருக்கிறதா? கியூலெக்ஸ் மாலை மங்கியதிலிருந்து விடிகிறவரை கடிக்கும், அந்த நேரம் கதவு திறந்திருக்கக் கூடாது. அடுத்தது குளிக்கும் தொட்டி. ஃபால்கன் ஆசையாக அதில் இறங்கிச் சிறகடிக்கும், அதனால் எல்லோர் வீட்டிலும் ஒன்று கிடக்கும். இந்த வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் வைத்த வாளியையும் சேர்த்துக் கேளுங்கள், அதை யாரும் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.